முந்நூற்று நாற்பது வெட்டிவேர்த் தூர்கள்

காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். வேப்பங்குச்சியால் பல் துலக்குகிறேன். நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிக்கிறேன். பிறகு சர்க்கார் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு புட்டிகளையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு கொள்ளிடத்துக்கு நடக்கிறேன். எனக்கு இலாகா கொடுத்திருக்கும் இரண்டறை வீடு ஸ்ரீரங்கத்தின் வடபுறம், வெள்ளத் தடுப்புக் கரையின் மேலேயே இருக்கிறது. அதனால் ஆறு தூரமில்லை. முதல் புட்டியை ஏ கரைக்குக் கீழேயும், இரண்டாவதை பி கரைக்குக் கீழேயும் அமிழ்த்தி நிரப்புகிறேன். வீட்டுக்கு வந்து ஜன்னலோரத்தில் வைக்கிறேன். பிற்பகலுக்குள் வண்டல் அடியில் தங்கிவிடும். அதைக் காயவைத்து, எடை போட்டு, அளவுப் புத்தகத்தில் எழுதுகிறேன். மூன்று வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை. மனைவியை அடக்கம் செய்த நாளிலும் எழுதியிருக்கிறேன். தாங்கள் புரட்டிப் பார்க்கலாம்.

ஐயா, தாங்கள் சென்னையிலிருந்து பத்துக் கேள்விகளுடன் வந்திருக்கிறீர்கள். ஒன்பதுக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிட்டேன். பாக்கி இருப்பது ஏழாவது. ஏ கரையில் நட்டதாகப் பதிவானவை அறுநூறு வெட்டிவேர்த் தூர்கள். தாங்கள் ஆள் விட்டு எண்ணியதில் தொள்ளாயிரத்து நாற்பது. மிகுதி முந்நூற்று நாற்பதும் எங்கிருந்து வந்தன?

நியாயமான கேள்வி. எனக்கே இது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்து நாலாம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருக்கும் கரையைப் பற்றிப் பயம் வந்தது. மேட்டூரில் அணை எழும்பத் தொடங்கியதும் மண்ணைப் பற்றியும் பயம் வந்தது. ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மலைச்சரிவுகளையும் கரைகளையும் அரித்து, அந்த மண்ணையும் சுமந்து வருகிறது. அது வாய்க்காலைத் தூர்க்கும், மதகை அடைக்கும், கடைசியில் அணையையும் நிரப்பும். கரையில் வேர் பிடிக்கும் செடியை நட்டால் அரிப்பு குறையுமா என்று கண்டுபிடிக்க எங்கள் பிரிவை ஏற்படுத்தினார்கள். பிரிவு என்றால் மேலே சௌரிராஜ ஐயங்கார், கீழே நான். கல்லூரியில் நான் இயற்கை விஞ்ஞானம் படித்தவன். செபஸ்தியார் கோவில் தெருப் பையன் ஒருவனுக்கு அது பெரிய வேலை.

கொள்ளிடத்தின் தென்கரையில் இரண்டு பர்லாங்கு நீளத்துக்கு இரண்டு துண்டுகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று ஏ. அதில் முசிறியிலிருந்து வண்டியில் வந்த வெட்டிவேரை வரிசை வரிசையாக நட்டோம். மாண்டவற்றுக்கு மாற்று வைத்து, அறுநூறை எப்போதும் அறுநூறாகவே வைத்திருந்தோம். மற்றது பி. அதில் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவதுதான் பி கரையின் வேலை. மருந்து சாப்பிட்டவன் பிழைத்தான் என்று சொல்ல வேண்டுமானால், மருந்து சாப்பிடாத ஒருவன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மாதம் ஒருமுறை, கரையோரம் அடித்து வைத்த முளைக்கட்டைகளிலிருந்து கரை விளிம்பு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளப்போம். அவ்வளவுதான் சோதனை.

பி கரையின் மேல் படுகையில் இருபத்துமூன்று குடிசைகள் இருந்தன. வாழைத்தோட்டத்தில் வேலை செய்பவர்கள்; பரிசல் ஓட்டும் அழகிரியும் அவன் பங்காளிகளும். ஏ கரையில் யாரும் இல்லை. குடிசை இருக்கும் இடத்தில் செடி நட்டால் ஆடு மேயும், பிள்ளைகள் பிடுங்கும். காலி இடத்தில் நடுவதுதான் சௌகரியம். அதனால்தான் காலி இடம் ஏ ஆயிற்று, மனிதர் இருந்த இடம் பி ஆயிற்று. இதில் யாருக்கும் விரோதம் கிடையாது.

இதை என் மனைவியிடம் விளக்கினேன். அவள் பெயர் ஞானப்பூ. கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். சாப்பாட்டு நேரத்தில் என் வேலையைப் பற்றிக் கேட்பாள்.

“அந்தப் பக்கம் இருவத்திமூணு குடிசை இருக்கு. இந்தப் பக்கம் ரெண்டு பனைமரம் நிக்குது. நீங்க பனைமரத்தைக் காப்பாத்தறீங்க” என்றாள்.

“யாரையும் காப்பாத்தலை. அளக்கறோம்” என்றேன்.

“அளந்து?”

“ரிப்போர்ட் எழுதுவோம்.”

“எழுதி?”

“போர்டு ஒத்துக்கிட்டா எல்லாக் கரையிலயும் நடுவாங்க.”

“எப்போ?”

“ஏழெட்டு வருஷம் ஆகும்.”

அவள் ரசத்தை ஊற்றினாள். “அதுக்குள்ள ஆறு அவசரப்படாம இருக்கணுமே. அதுக்கும் ஒரு கடுதாசி எழுதிப் போட்டுடுங்க” என்றாள்.

அவள் நகைச்சுவை உள்ளவள். நான் சிரித்ததாக நினைவு.

முதல் வருஷம் ஏ கரை இரண்டடி போயிற்று. பி கரை ஐந்தடி போயிற்று. எனக்கு அது நல்ல முடிவாகவே தோன்றியது. ஐயங்கார் என்னைச் சித்திரை வீதியிலிருந்த தன் வீட்டுக்கு வரச்சொல்லி அட்டவணையை முன்னால் வைத்தார்.

“அற்புதசாமி, இதைப் போர்டுக்கு அனுப்பினா சிரிப்பான்யா. மூணடி வித்தியாசம். மூணடியை எலி தோண்டும். நண்டு தோண்டும். கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு வேணும்ங்காணும். அடுத்த வருஷமாவது பெருமாள் கிருபையில நன்னா ஒரு வெள்ளம் வரட்டும்” என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. தினமும் கோவிலுக்குப் போகிறவர். வெள்ளத்துக்காக வேண்டிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் ஆடிப் பதினெட்டன்று நான் திருச்சிக்கு, பிரிவுக்கு வேண்டிய தராசுப் படிக்கற்களை வாங்கப் போயிருந்தேன். படுகைப் பெண்கள் வழக்கப்படி முளைப்பாரி எடுத்து ஆற்றுக்கு வந்தார்கள். மஞ்சள் நூல் கட்டிக்கொண்டு, சித்திரான்னம் வைத்துக் கும்பிட்டு, முளைப்பாரியை ஆற்றில் விடுவது அவர்கள் முறை. ஆற்றுக்குக் கொடுத்ததை யாரும் திரும்ப எடுப்பதில்லை. தொடுவதும் இல்லை. ஞானப்பூ அவர்களோடு நின்றிருக்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால், முசிறி வண்டியில் வந்து மிஞ்சிப்போன வெட்டிவேர் குவிந்து கிடந்தது. அதைப் பிரித்துக் கூடையில் கொண்டுபோய், ‘ஆத்தாளுக்கு இதையும் குடுங்க, ஆனா விடாதீங்க, கரையில ஊணி வைங்க’ என்று சொல்லியிருக்கிறாள். பெண்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு தூரிலும் மஞ்சள் நூல் சுற்றி, குலவையிட்டு, பி கரை நெடுக ஊன்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை புட்டியோடு போனபோது பார்த்தேன். எண்ணினேன். முந்நூற்று ஐம்பத்தொன்று. வரிசை கோணலாக இருந்தது. ஆனால் இடைவெளி சரியாக இருந்தது. என் புத்தகத்தைப் படித்திருக்கிறாள்.

நான் அவளைக் கோபிக்கவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். பத்து நாளில் ஆறு பெருகி வடிந்தது. பதினொரு தூர்கள் போயிருந்தன. முந்நூற்று நாற்பது நின்றன. அந்தப் பெருக்கில் பி கரை நாலு விரற்கடைதான் உள்வாங்கியிருந்தது. முந்தின வருஷம் அதே அளவு பெருக்கில் இரண்டடி போயிருந்தது.

ஐயா, தாங்கள் விஞ்ஞானம் அறிந்தவர். என் நிலைமை புரியும். இப்போது ஏ கரையிலும் வெட்டிவேர், பி கரையிலும் வெட்டிவேர். நான் எதை எதோடு ஒப்பிடுவது? ஒன்றரை வருஷ அளவுகள் அத்தனையும் பாழ். போர்டிடம் ‘என் மனைவி நட்டுவிட்டாள்’ என்று எழுத முடியாது.

ஆகவே அடுத்த பெருக்கு வந்து முழங்கால் தண்ணீர் நின்றபோது, நான் இறங்கி அவற்றைப் பிடுங்கினேன். இரண்டு பகல் ஆயிற்று. குடிசைக்காரர்கள் நடவு வேலைக்குப் போயிருந்தார்கள். இருந்த ஓரிருவர் பார்த்துவிட்டு, “புட்டிக்கார ஐயா அளக்குறாரு” என்று சொல்லிக்கொண்டார்கள். நான் தண்ணீரில் குனிந்து நின்றால் அளப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். சில தூர்கள் வேர் பிடித்து ஒரு சாண் இறங்கியிருந்தன. பலமாக இழுக்க வேண்டியிருந்தது.

பிடுங்கியதை எறிய மனம் வரவில்லை. உயிருள்ள செடி. வீணாக்குவது எனக்குப் பழக்கமில்லை. ஏ கரையில் வரிசைகளுக்கு இடையே நட்டு, மாண்டவற்றுக்கு வழக்கம்போல மாற்று வைத்துவந்தேன். தங்கள் ஏழாவது கேள்விக்கு இதுதான் பதில்.

கேள்வி அதோடு முடிகிறது. ஆனால் ‘அதனால் முடிவுகள் பாதிக்கப்பட்டனவா’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் சொல்கிறேன்.

தண்ணீர் வடிந்ததும் படுகையில் பெரிய பேச்சாகிவிட்டது. முந்நூற்று நாற்பதில் ஒன்றுகூட இல்லை. அழகிரி என்னைத் தேடி வந்தான். அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த இருபத்துமூன்று குடிசைக்கும் அவன் சொல்தான் சொல்.

“ஐயா, போன பெருக்குல பதினொண்ணுதான் போச்சு. இந்தத் தடவை அம்புட்டையும் வழிச்சு எடுத்துக்கிட்டா. ஆத்தா ஏத்துக்கிட்டான்னு எங்க பொம்பளைங்க சொல்லுதுங்க. முளைப்பாரி நிக்காமப் போனாத்தானே நல்ல சகுனம்? ஏத்துக்கிட்டாளா ஐயா?” என்றான்.

மக்களின் மத நம்பிக்கையில் சர்க்கார் ஊழியர் தலையிடக் கூடாது என்பது விதி. நான் வேறு கிறிஸ்தவன். இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

“ஏத்துக்கிட்டா” என்றேன்.

“அப்ப கரை நிக்கும்?”

“நிக்கும்.”

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாள் ஒரு தார் பூவன் பழம் கொண்டுவந்து வைத்தான். ஞானப்பூ அதைக் குடிசைப் பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டாள். மாலையில் அந்தப் பிள்ளைகளுக்கு அவள் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவந்தாள்.

அவளுக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. ஏ கரைப் பக்கம் நடந்து போனபோது நூல் சுற்றிய தூர்களைப் பார்த்திருக்கிறாள். நூல்களை அவிழ்த்திருந்தேன். இருபது முப்பது விட்டுப்போயிருந்தன. அது என் கவனக்குறைவு. வீட்டுக்கு வந்து ஒரு மஞ்சள் நூலை அளவுப் புத்தகத்தின் மேல் வைத்தாள். சத்தம் போடவில்லை.

“ஒரு சாண் வேர் விட்டிருந்துச்சு” என்றாள்.

“ஆமா. எழுதியிருக்கேன்.”

“திருப்பி வெச்சுடுங்க.”

“முடியாது. பி கரை பி கரையாத்தான் இருக்கணும்.”

“அங்க இருக்கறவங்ககிட்ட, நீங்கதான் பி கரைன்னு சொல்லியிருக்கீங்களா?”

அவர்களிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் கல்லையும் முள்ளையும் கொண்டுவந்து கொட்டிக் கரையின் இயற்கை நிலையை மாற்றியிருப்பார்கள்.

அவளே போய்ச் சொன்னாள். எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்து, ஆத்தா எடுக்கவில்லை, என் வீட்டுக்காரர்தான் பிடுங்கினார் என்று சொல்லியிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. அழகிரியின் மனைவி ரங்கம்மா அவள் கன்னத்தைத் தடவிச் சிரித்தாளாம்.

“அம்மா, நீங்க வேதக்காரங்க. எங்க ஆத்தா ஏத்துக்கிட்டது உங்களுக்கு எப்படிம்மா புரியும்? புருசன்மேல கோவம்னா வேற எதாச்சும் சொல்லி வையுங்க. சாமிகிட்ட குடுத்ததை ஐயா புடுங்குவாரா? கை அழுகிப்போகாது?” என்றாளாம்.

ஞானப்பூ இதை என்னிடம் சொன்னபோது என் கைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன.

அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. எனக்கு அது இடைஞ்சலாக இல்லை. வேலை இருந்தது.

பங்குனியில் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. படுகைக் குடிசைகளை மழைக்கு முன்னால் தடுப்புக் கரைக்கு உள்புறம் இருக்கும் புறம்போக்குக்கு மாற்ற உத்தேசம். தங்கள் பிரிவுக்கு ஆட்சேபணை உண்டா? நல்ல எண்ணத்தில் கேட்டிருந்தார்கள். நான் இரண்டு வரி எழுதினேன். ‘பி கரையின் மேல் குடியிருப்பு உள்ளமை சோதனையின் நிபந்தனைகளுள் ஒன்று. நடப்புப் பருவம் முடியும்வரை அதை மாற்றுவது உசிதமன்று.’ ஐயங்கார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “உம்ம நடை நன்னா இருக்கு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதன் நகல் தங்கள் கோப்பில் இருபத்தோராம் தாளாக இருக்கிறது. அதைப் பற்றித் தாங்கள் கேள்வி கேட்கவில்லை.

ஆனி மாதம் பி கரையில் ஒரு வெடிப்பு கண்டேன். விளிம்பை ஒட்டிய ஆறு குடிசைகளின் பின்புறமாக, நூல் போல ஓடிற்று. கரையின் அடியை ஆறு உள்ளே குடைந்துவிட்டால் மேலே இப்படிக் கோடு விழும். அது அகலுகிறதா என்று பார்க்கச் சாம்பல் தூவினேன். வெடிப்பு அகன்றால் சாம்பல் உள்ளே இறங்கிவிடும். செலவில்லாத முறை.

“எறும்புக்காங்க ஐயா?” என்று கேட்டாள் ரங்கம்மா.

“ஆமா.”

“புண்ணியமாப் போவீங்க. ராத்திரியெல்லாம் புள்ளைங்களைக் கடிக்குது” என்று, தன் வீட்டு அடுப்புச் சாம்பலையும் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் உபயோகித்தேன். ஆனி முடிவில் வெடிப்பு ஒரு விரல். ஆடி முதல் வாரம் இரண்டு விரல். எல்லாம் தேதிவாரியாக எழுதியிருக்கிறது.

போன ஆடி இருபத்தேழு, விடியும்போதே முக்கொம்பு அணையிலிருந்து தகவல் வந்தது. பெரிய தண்ணீர் வருகிறது. ஐந்தரைக்கு பி கரையில் வெடிப்பை அளந்தேன். நாலு விரல். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் எழுதிவிட்டுப் புட்டிகளைக் கழுவினேன். வெள்ளத்தின்போது அரை மணிக்கு ஒரு புட்டி எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நாள் மூன்று வருஷத்தில் ஒன்றுதான் வாய்த்தது.

ஞானப்பூ புத்தகத்தைப் பார்த்துவிட்டாள்.

“நாலு விரல்னு எழுதியிருக்கீங்க. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“எழுதியாச்சு.”

“எழுதினா அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“தண்ணி ஏறினா அவங்களே மேல வருவாங்க.”

“வரமாட்டாங்க. ஆத்தா ஏத்துக்கிட்டான்னு இருக்காங்க. கரை நிக்கும்னு நீங்க சொல்லி வெச்சிருக்கீங்க. நீங்களே வந்து, நிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இருநூறு அடி. போயிட்டு வந்துடலாம்.”

எனக்கு ஆறு மணிப் புட்டி இருந்தது. ஆறரைப் புட்டி இருந்தது. ஒன்று விட்டுப்போனாலும் வரைபடத்தில் கோடு அறுந்துவிடும். அதை அவளுக்குச் சொன்னேன். அவள் வாசலில் நின்றாள். ஒன்று கேட்டாள். அவள் கேட்டது இலாகாவின் உடைமை. ஊழியரல்லாதவர் அதை உபயோகிக்கக் கூடாது என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

நான் தடுப்புக் கரையின் மேல் நின்று பார்த்தேன். தண்ணீர் தாழ்வான குடிசைகளுக்குள் நுழைந்ததும் அங்கிருந்தவர்கள் தாமாகவே மூட்டையோடு மேலே ஏறினார்கள். விளிம்பில் இருந்த ஆறு குடிசைகள் மேட்டில் இருந்தன. அங்கே தண்ணீர் வரவில்லை. அதனால் அவர்கள் அசையவில்லை. ரங்கம்மா வாசலில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஞானப்பூ முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் அவள் சொன்னால் கேட்பார்கள். பதினாலு பேரை மேலே கொண்டுவந்து நிறுத்தி, ‘எண்ணிக்கிட்டே இருங்க, நூறு வரைக்கும்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். என் பக்கம் பார்க்கவில்லை.

ஏழு நாற்பதுக்கு பி கரை விழுந்தது. சத்தம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. நனைந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் எழுபத்தொன்று வரை எண்ணியிருந்தார்கள். அதன் பிறகு பெரிய பெண் ஒருத்தி நிறுத்திவிட்டாள்.

எட்டு மணிப் புட்டியை பி கரைக்குக் கீழே எடுத்தேன். மூன்று விரற்கடை வண்டல். அவ்வளவு நல்ல மாதிரி அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

அழகிரி அப்போது பரிசலில் வாழைத்தோட்டப் பக்கம் சிக்கியிருந்தான். பிற்பகல்தான் வந்து சேர்ந்தான். என் முன்னால் வந்து நின்று, “நிக்கும்னீங்களே ஐயா” என்றான். இப்போது லால்குடிப் பக்கம் எங்கோ இருக்கிறான் என்று கேள்வி.

ஒன்பது பேர் இறந்தார்கள். என் மனைவியையும் சேர்த்தால் பத்து. அறிக்கையின் பிற்சேர்க்கையில் ஒன்பது என்றே இருக்கிறது. அது பிழையல்ல. தலைப்பு ‘பி கரையில் குடியிருந்தோர்’. அவள் அங்கே குடியிருந்தவள் அல்ல.

அந்த ஒரு நாளில் பி கரை நாற்பத்தோரு அடி உள்வாங்கியது. ஏ கரை மூன்றடி. இரண்டு பனைமரங்களும் நிற்கின்றன. ஐயங்கார் அட்டவணையைப் பார்த்து, “பெருமாள் கண்ணைத் தொறந்துட்டார்ங்காணும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து நினைவு வந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டுச் சமையல்காரர் சொன்னார். போர்டிலிருந்து வந்த கடிதத்தில் ‘ஐயத்துக்கு இடமில்லாத வித்தியாசம்’ என்று பாராட்டியிருந்தது. இரண்டு ஜில்லாக்களில் கரையெங்கும் வெட்டிவேர் நடப்போகிறார்கள். எத்தனை ஆயிரம் குடிசைகள் பிழைக்கும் என்று நான் உத்தேசமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய எண். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

ஆனாலும் என்மேல் ஒரு குற்றம் உண்டு. அதை ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவும் சொன்னேன். ஏ கரையில் அறுநூறு தூர்கள் என்று அறிக்கையில் எழுதிவிட்டு, தொள்ளாயிரத்து நாற்பதை வைத்திருந்தேன். இந்த மூன்றடி என்பது அறுநூறு தூர் நின்ற கரையின் மூன்றடி அல்ல. அறுநூறு மட்டும் இருந்திருந்தால் நாலரை அடி போயிருக்கலாம். ஆக, அறிக்கையில் ஒன்றரை அடி பொய் இருக்கிறது. அது முறைகேடு. அதற்காக வருந்துகிறேன். எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன்.

திருத்திக்கொள்ளவும் ஏற்பாடு செய்துவிட்டேன். முசிறிக்குக் கீழே காவிரியில் புதிதாக இரண்டு துண்டுகளைத் தேர்ந்திருக்கிறேன். இந்தத் தடவை எண்ணிக்கை பிசகாது. பி துண்டின் மேல் முப்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. அமைதியான ஜனங்கள்.

இன்னொரு சிறு விஷயம். அச்சான அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு சமர்ப்பணம் இருக்கிறது. ‘என் மனைவி ஞானப்பூவுக்கு. “உங்கள் உழைப்பு வீண்போகக் கூடாது” என்பதே அவள் கடைசி வார்த்தை.’ அதைப் படித்து ஐயங்கார் கண்ணீர் விட்டார். பங்குச் சாமியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். அறிக்கையில் உள்ள எல்லாவற்றையும் சரிபார்க்க வந்திருக்கிறீர்கள். ஆகையால் அதையும் திருத்திவிடுகிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்று வாசலில் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்:

“சரி, நீங்க வரவேணாம். அந்தச் சர்க்கார் சட்டையைக் கழட்டிக் குடுங்க, நான் போட்டுக்கிட்டுப் போறேன். என்னை நம்பாட்டியும் அதை நம்புவாங்க.”